போதுமுங்க மாமா

ஆகஸ்ட் 15, வியாழன்

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் மெஸ்ஸுக்கு விடுமுறை விட்டு, மேசைகளை ஒதுக்கி, ஹாலில் ரத்த தான முகாம் நடத்துவது என் வழக்கம். இந்தத் தெருவில் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. முகாம் நடத்துகிற கடை லிங்கம் மெஸ் ஒன்றுதான். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. டைரியில்கூடச் சொல்லாவிட்டால் அப்புறம் எங்கேதான் சொல்வது?

இந்த முறை கூடுதல் பெருமை. வைகாசியில் கல்யாணமாகி வந்த மருமகள் பூங்கொடி முதல் ஆளாக வந்து நின்றாள். கோபிச்செட்டிபாளையத்துப் பெண். என் மகன் செல்வகணேஷும் அவளும் கோயம்புத்தூரில் படிக்கும்போதே பழக்கம். இங்கே கோவில்பட்டியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலை கிடைத்துவிட்டது. கோ-கோவில் மாநில அளவில் மெடல் வாங்கியவள். அந்த மெடலை மெஸ் கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். பில் கொடுக்க வருகிறவர்கள் கேட்பார்கள், நான் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

எடை மெஷினில் ஏறினாள். நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டு, "இவங்களுக்கு எடுக்க முடியாது சார். நாப்பத்திரண்டுதான் இருக்காங்க. நாப்பத்தஞ்சாவது இருக்கணும்" என்றார்.

"கல்யாணத்தப்போ நாப்பத்தெட்டு இருந்தனுங்க" என்று பூங்கொடி மெதுவாகச் சொன்னாள். நர்ஸிடம்தான் சொன்னாள். என் காதிலும் விழுந்தது.

ஹார்டுவேர் கடை ஜெயமணி கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த மாதிரி நேரத்தில் அவருக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன அண்ணாச்சி, ஊருக்கே சோறு போடுறீக. மருமகள மட்டும் பட்டினி போட்டுட்டீகளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பூங்கொடி சிரித்தபடியே செருப்பைப் போட்டுக்கொண்டு மாடி வீட்டுக்குப் போனாள். ஜெயமணிக்கு நாளை முதல் மெஸ்ஸில் அப்பளம் ஒன்றுதான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

முருங்கைக்காய்ச் சாம்பார், கொத்தவரங்காய்ப் பொரியல், மிளகு ரசம். பதினொன்றரைக்கே கூட்டம்.

ராத்திரி வீட்டுக்காரி சண்முகக்கனி, "நேத்து நர்ஸ் சொன்னது மனசுக்குச் சரியில்லைங்க. அந்தப் பிள்ளைக்கு நீங்க ஒரு கரண்டி கூடப் போடுங்க" என்றாள்.

"போதும்னு சொல்லுறவளுக்கு எப்படிப் போட முடியும்?"

"ஆமா, உங்க சட்டம் ஒன்னு இருக்கே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சட்டம்தான். அதில் எனக்கு வெட்கமில்லை. லிங்கம் மெஸ்ஸில் இலையைக் கை மறைத்தால் கரண்டி நின்றுவிடும். போதும் என்றவன் இலையில் ஒரு பருக்கை கூட விழாது. சில கடைகளில் உபசாரம் என்ற பெயரில் கையை விலக்கிவிட்டுக் கொட்டுவார்கள். சாப்பிடுகிறவன் திணறுவான், அல்லது இலையோடு மூடிவிட்டுப் போவான். அது உபசாரமில்லை, அவன் சொன்ன வார்த்தையை மதிக்காத திமிர். வேலைக்கு யார் சேர்ந்தாலும் முதல் பாடம் இதுதான். வீட்டிலும் இதேதான். வீட்டில் பரிமாறுவது நான்தானே. கனி சமைப்பாள், கரண்டி என் கையில்தான் இருக்கும்.

பூங்கொடிக்கும் அப்படித்தான். ஒரு கரண்டி சோறு வைப்பேன். "போதுமுங்க மாமா" என்று தட்டை மறைப்பாள். நிறுத்திவிடுவேன். சின்னப் பிள்ளை வார்த்தைதானே என்று நான் அலட்சியம் செய்வதில்லை. எந்த மாமனார் இவ்வளவு மரியாதை கொடுப்பான்?

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காரணம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. நம் ஊர்க் காரம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கொங்குச் சமையலில் காரம் மட்டு.

செல்வகணேஷைக் கேட்டு, அவள் ஊரில் செய்கிற அரிசியும் பருப்பும் சாதத்தை இன்று நானே செய்தேன். பொன்னி அரிசி, துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, மேலே தேங்காய்த் துருவல். தாளித்ததும் மாடிப்படியில் கால் சத்தம் கேட்டது. "அரிசிம்பருப்புங்களா மாமா?" என்று ஓடி வந்தாள். அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே! ஒரு கரண்டி வைத்து நெய் விட்டேன். சாப்பிட்டுவிட்டு, "எங்கம்மா வெச்ச மாதிரியே இருக்குதுங்க" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டு போனேன். "போதுமுங்க மாமா" என்று கையை வைத்தாள். நிறுத்தினேன். மீதியை நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம். அவள் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

பிடித்த சாப்பாட்டையே இவ்வளவுதான் சாப்பிடுகிறாள் என்றால், அப்போது காரம் காரணமில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

கனிக்கு முழங்கால் வலி. எனக்கும் கொஞ்சம் காய்ச்சல். இன்று பூங்கொடி சமைத்துப் பரிமாறினாள். பாவக்காய்க் குழம்பு கசக்கவே இல்லை, எப்படிச் செய்தாள் என்று கேட்டு வைக்கவேண்டும்.

ஒரே ஒரு விஷயம். நான் போதும் என்றேன், கையும் வைத்தேன், அவள் பாட்டுக்கு ஒரு கரண்டி சோற்றை என் விரல் மேலேயே வைத்துவிட்டாள். சிரித்துக்கொண்டு வேறு நின்றாள்.

"தாயி, நம்ம வீட்ல கை மறைச்சா நிறுத்திரணும். போதும்னா போதும்தான்" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. தொழில் சொல்லிக்கொடுப்பதுபோலத்தான் சொன்னேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "அப்படீங்களா மாமா?" என்றாள். ஏதோ கணக்குப் போடுகிறவள்போல என்னையும் கரண்டியையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் "செரிங்க மாமா" என்று உள்ளே போனாள்.

சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிற பிள்ளை.

செப்டம்பர் 19, வியாழன்

அவளுடைய பள்ளிக்கூடப் பையை மேசை மீதிருந்து நகர்த்தியபோது உள்ளே இருந்து கடலை மிட்டாய்க் காகிதங்கள் விழுந்தன. ஒன்று இரண்டல்ல. பை நிறைய.

அப்படிப் போடு! கண்ட நேரத்தில் மிட்டாய் தின்றால் சோறு எங்கே இறங்கும்? கோவில்பட்டிக்கு வந்த எவரும் இதற்குத் தப்பியதில்லை. சின்னப் பிள்ளைத்தனம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை. டீச்சரிடம் மிட்டாய்க் கணக்குக் கேட்பது மரியாதையாக இருக்காது.

மத்தியானத்துக்கு அவளுக்கு நான் கட்டிக்கொடுக்கிற டப்பா தினமும் துடைத்துவைத்ததுபோலத் திரும்பி வருகிறது. அவள் தட்டில் எவ்வளவு சாப்பிடுகிறாளோ அதே அளவுதான் டப்பாவிலும் வைக்கிறேன். வீணாக்காத பிள்ளை என்று கனியிடம் சொன்னேன். கனி டப்பாவையே பார்த்தாள்.

அக்டோபர் 12, சனி

பூங்கொடியின் பிள்ளைகள் வட்டாரப் போட்டியில் ஜெயித்துவிட்டார்கள்! அந்தப் பள்ளிக்கூடம் கோ-கோவில் ஜெயிப்பது இதுதான் முதல் தடவையாம். பன்னிரண்டு பெண்களையும் மெஸ்ஸுக்கு வரச்சொல்லி வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டேன். எல்லாம் காட்டில் மேய்ந்து வந்த பசியோடு சாப்பிட்டன. பூங்கொடி அவர்களுக்குப் பரிமாறினாள். யாராவது கை வைத்தால் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். சட்டம் தெரிந்துவிட்டது.

ஜெயமணி கை கழுவ வந்தவர் பெண்கள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "டீச்சருக்கும் சேத்துப் பிள்ளைகளே சாப்பிடுது" என்றார். இனி அப்பளமே கிடையாது.

நவம்பர் 6, புதன்

தலை தீபாவளிக்குப் பெண் வீட்டுக்குப் போன இரண்டு பேரும் இன்று திரும்பினார்கள். ஒரு கூடை நிறைய முறுக்கு, கச்சாயம், நாட்டுச் சர்க்கரை.

பூங்கொடிக்குக் கன்னம் வந்திருக்கிறது. ஒரு வாரத்தில்!

எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிடுகிறேன். எனக்கு அது சுருக்கென்று குத்தியது. அம்மா வீட்டில் ஊறுகிற உடம்பு என் வீட்டில் வற்றுகிறது என்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? சம்பந்தியம்மா என்ன நினைத்திருப்பார்? நான் சோறு விற்கிறவன். மற்றவன் வீட்டில் மருமகள் மெலிந்தால் உடம்பு சரியில்லை என்பார்கள். என் வீட்டில் மெலிந்தால் வேறு பேச்சு வரும்.

நவம்பர் 21, வியாழன்

வந்த கன்னம் போய்விட்டது.

நவம்பர் 27, புதன்

இன்று ரொம்பப் பயந்துவிட்டேன்.

மத்தியானம் பந்தி உச்சத்தில் இருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து போன். மைதானத்தில் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்து சாய்ந்துவிட்டாளாம். கரண்டியைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு, கழுவாத கையோடு வண்டியை எடுத்தேன். செல்வகணேஷ் காற்றாலை வேலையாகக் கயத்தாறு பக்கம் போயிருந்தான். நான் போகும்போது வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பிள்ளைகள் அழுதுகொண்டு நின்றார்கள். "ஒன்னுமில்லைங்க மாமா, வெயிலுங்க" என்றாள். வண்டியில் பின்னால் ஏறியபோது ஆள் ஏறியதே தெரியவில்லை. இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை இல்லை, தைராய்டு இல்லை, கவலைப்படும்படி எதுவும் இல்லை, ரத்தம்தான் குறைவு. "வீட்ல நல்லா சாப்பிடுறாங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"டாக்டரம்மா, நான் லிங்கம் மெஸ்" என்றேன்.

"ஓ, நீங்கதானா!" என்று சிரித்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மாத்திரை எழுதிக்கொடுத்தார். பூங்கொடி சுவரில் ஒட்டியிருந்த பழங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபியில் சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்து சொல்லவில்லை. வீணாக எதற்கு அவர்களைக் கலவரப்படுத்துவது? வேறு காரணம் எதுவும் இல்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

பூங்கொடியின் தங்கைக்கு அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம். சம்பந்தி நாச்சிமுத்து போன் செய்து, நாங்கள் எல்லோரும் கட்டாயம் வரவேண்டும் என்றார். மகளைப் பார்த்து ஒரு மாதம் ஆகிவிட்டது என்றார். மகளை இந்த உடம்போடு எப்படிக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவது?

இந்த வாரம் முழுக்க முட்டை, பேரீச்சம்பழம், ஈரல். ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போதுமுங்க என்கிறாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

கோபி. நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. வயிறு சரியில்லை. மனசும்தான். நாளை எழுதுகிறேன்.

டிசம்பர் 9, திங்கள்

மெஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டேன். முகாம், பண்டிகை, வீட்டு விசேஷம் தவிர மற்ற நாளில் லிங்கம் மெஸ் மூடியது இல்லை. என்னவென்று எல்லோரும் கேட்டார்கள். அசதி என்றேன்.

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

சம்பந்தி வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு முதல் இலை. ஒப்புட்டு, சந்தகைக்குத் தேங்காய்ப் பால், பருப்பு, நெய், கொள்ளு ரசம். சோறு பிரமாதம், நானே சொல்கிறேன். பருப்புக்கு ஒரு தடவை சோறு வாங்கினேன், ரசத்துக்கு ஒரு தடவை வாங்கினேன். சம்பந்தியம்மா சாவித்திரி மறுபடி வந்தார். "போதுமுங்க" என்று கையை வைத்தேன். கை மேலேயே சோறு விழுந்தது.

"இல்லைங்க, நெசமாவே போதும்."

"அட கைய எடுங்க சம்மந்தி! இத்தனூண்டு சோத்த வெச்சுக்கிட்டுப் போதும் போதும்னுட்டு!" அதற்கு மேல் நெய்யும் விழுந்தது. என் விரலெல்லாம் நெய்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும், பக்கத்தில் இருந்த நாச்சிமுத்து சிரித்துக்கொண்டே, "கோவிச்சுக்காதீங்க சம்மந்தி. எங்கூர்ல மொதல் போதும் மரியாதைக்குங்க. ரெண்டாவது போதும் பழக்கத்துக்குங்க. எல எடுத்துட்டு எந்திரிச்சாத்தான் நெசமாலுமே போதும்னு அர்த்தமுங்க" என்றார்.

பந்தியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அப்போது எதிர்வரிசையில் பூங்கொடியைப் பார்த்துவிட்டேன்.

அவளுடைய சித்தி சோறு கொண்டுவந்தாள். "போதுமுங்க சித்தி" என்று பூங்கொடி கையை வைத்தாள். என் வீட்டில் வைக்கிற அதே கை, அதே சொல். சித்தி காதிலேயே வாங்கவில்லை. ஒரு கரண்டி வைத்துவிட்டுப் போனாள். பூங்கொடி அதைப் பிசைந்து சாப்பிட்டாள். அவள் அம்மா ரசத்தோடு வந்தார். "போதும்மா!" கை. ரசம் விழுந்தது. சாப்பிட்டாள். மறுபடி சோறு. போதுமுங்க. விழுந்தது. சாப்பிட்டாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, எண்ணவும் முடியவில்லை. கண்ணில் மிளகாய் பட்டதுபோல இருந்தது. கொள்ளு ரசத்தில் காரமே இல்லை.

அப்போதுதான் அவள் கையைச் சரியாகப் பார்த்தேன். இலைக்கு மேலே இருந்தது, ஆனால் விரல்கள் அகன்று இருந்தன. நடுவில் சோறு விழ இடம் இருந்தது. நாற்பது வருஷமாக இலையை மறைக்கிற கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விரல்களைப் பார்த்ததே இல்லை.

வைகாசியிலிருந்து என் மருமகள் என் வீட்டில் ஒரு கரண்டிச் சோற்றில் எழுந்து போயிருக்கிறாள். ஊருக்கே சோறு போடுகிறவன் வீட்டில். நானே பக்கத்தில் கரண்டியோடு நின்றிருக்கிறேன்.

வாடகை வேனில் திரும்பி வரும்போது கனியும் செல்வகணேஷும் முன் சீட்டில் தூங்கிவிட்டார்கள். பின்னால் நானும் அவளும்.

"ஏன் தாயி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. "எப்படிங்க மாமா கேக்கறது? கேட்டு வாங்கிச் சாப்புடறது எங்கூர்ல அவங்கவங்க சொந்த வீட்லதானுங்க. போன எடத்துல கேட்டா, சோத்துக்கு அலையறான்னு சொல்லுவாங்க."

"நான்தான் அன்னைக்குச் சொன்னேனே, நம்ம வீட்ல போதும்னா போதும்னு."

"அதுக்கப்பறம் போதும்னு சொல்லக் கூடாதுன்னுதானுங்க இருந்தேன். கரண்டியப் பாத்தா நாக்கு தன்னால சொல்லிருதுங்க. சொல்லாம வாங்கற பழக்கமே இல்லீங்க மாமா." "மொதல்ல ராத்திரி தூக்கம் வராதுங்க. அப்பறம் பழகிருச்சுங்க."

செல்வகணேஷிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவரு உங்களப் பத்தி எத்தன பெருமையாப் பேசுவாரு, உங்களுக்கே தெரியாதுங்க. அவருகிட்டப் போயி உங்கப்பா போடற சோறு பத்தலைன்னு சொல்றதுங்களா?" என்றாள்.

அந்தக் கடலை மிட்டாயைச் சின்னப் பிள்ளைத்தனம் என்று இந்த டைரியிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அடிக்கலாமா என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

டிசம்பர் 10, செவ்வாய்

ராத்திரி வீட்டில் சோறு, கத்திரிக்காய்க் கூட்டு, ரசம்.

பூங்கொடிக்கு ஒரு கரண்டி வைத்தேன். சாப்பிட்டாள். இரண்டாவது கரண்டியோடு போனேன். "போதுமுங்க மாமா" என்று கை வந்தது.

என் கை நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. இத்தனை வருஷப் பழக்கம் ஒரு நாளில் போகாது. கனி அடுப்படி வாசலில் நின்று, இவர் என்ன செய்யப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். பாதி தட்டில், கால்வாசி விரலில், மிச்சம் தரையில். முதல் நாள் வேலைக்கு வந்தவன்கூட இவ்வளவு கேவலமாகப் பரிமாற மாட்டான்.

"அப்பா! அவதான் போதும்னு சொல்லுறாள்ல?" என்றான் செல்வகணேஷ். நான் வளர்த்த பிள்ளை.

"நீ உன் தட்டைப் பாருடா."

பூங்கொடி தலை நிமிரவில்லை. விரலில் ஒட்டிய பருக்கைகளைத் தட்டில் உதிர்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். நான் அடுத்த கரண்டி எடுக்கப் போனேன். கனி பானையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

டிசம்பர் 19, வியாழன்

சட்டம் கீழே மெஸ்ஸில் அப்படியே இருக்கிறது. மாடியில் மட்டும் திருத்தம். முதல் போதுமுக்கு ஒரு கரண்டி, இரண்டாவது போதுமுக்கு ஒரு கரண்டி, அதற்குப் பிறகு விரலைப் பார்க்கவேண்டும். நன்றாகவே கற்றுக்கொண்டேன். இந்த வயதில் தொழிலில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள எத்தனை பேரால் முடியும்?

ஜனவரி 5, ஞாயிறு

மளிகைக் கடையில் கொடுத்த புது டைரி. தாள் மட்டம்.

இன்றைக்கும் போதும் என்றாள், போட்டேன், சாப்பிட்டாள். நன்றாகத்தான் போகிறது. கன்னம் எட்டிப் பார்க்கிறது. ஆனாலும் ஒரு குறை. இன்னும் அவள் கேட்கவில்லை. நான் போட்டால் சாப்பிடுகிறாள். நான் மறந்தால் அப்படியே எழுந்துவிடுவாள். கேட்டு வாங்குவது சொந்த வீட்டில்தான் என்றாளே. அந்த வார்த்தை எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கனியிடம் சொன்னேன். "கேக்கச் சொல்லிக் கேக்க முடியுமா? வரும்போது வரும்" என்றாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அவள் பொங்கலில் நாட்டுச் சர்க்கரை போடச் சொன்னாள், போட்டோம். சொன்னாள் என்பதை அடிக்கோடு இடுகிறேன். ஆனால் அது சமையலுக்குச் சொன்னது. தட்டுக்குக் கேட்டதாகாது.

ஜனவரி 26, ஞாயிறு

முகாம். அதே ஹால், அதே நர்ஸ், அதே மெஷின்.

காலையிலிருந்து எனக்கு எந்த வேலையிலும் கை ஓடவில்லை. இரண்டு கரண்டி, மூன்று கரண்டி என்று போட்டது மெஷினில் தெரியவேண்டுமே. ஜெயமணி வேண்டுமென்றே மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூங்கொடி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். நான் கல்லாவில் நின்றுகொண்டு மெடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாப்பத்து நாலரை" என்றார் நர்ஸ். "நல்லா ஏறியிருக்கீங்க. ஆனா இந்தத் தடவையும் எடுக்க முடியாதும்மா. ஆகஸ்ட்ல வாங்க, கட்டாயம் எடுத்துக்கிறேன்."

அரைக் கிலோ. ஹாலில் இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஜெயமணி வாயைத் திறந்தார். இன்று ஏதாவது சொன்னால் ரத்தம் கொடுக்க வந்த மனிதர் என்றும் பார்க்கக் கூடாது என்று நான் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

அதற்குள் மெஷினிலிருந்து இறங்கிய பூங்கொடி, செருப்பைக்கூடப் போடாமல், அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசிக்குக் கேட்கும்படி, பிள்ளைகளை மைதானத்தில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"மாமா! பசிக்குதுங்க. சோறு போடுங்க!"

ஜெயமணியின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது.

மெஸ்ஸில் அடுப்பு பற்றவைக்காத நாள். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. "கனி! கனி!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினேன். அவள் வீட்டுப் பானையோடு இறங்கி வந்தாள், முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. செல்வகணேஷ் முகாமுக்கு ஒதுக்கிவைத்த மேசைகளில் ஒன்றை இழுத்துப் போட்டுத் தலைவாழை இலை விரித்தான். ஹால் நடுவில், அத்தனை பேர் முன்னால், என் மருமகள் உட்கார்ந்தாள். நான் பரிமாறினேன்.

ஒரு கரண்டி வைத்துவிட்டுச் சாம்பார் விட்டேன். சாப்பிட்டாள். இரண்டாவது கரண்டியோடு குனிந்தேன். வழக்கமான வார்த்தைக்காகக் காத்து நின்றேன். வரவில்லை. கையும் வரவில்லை. இலையை என் பக்கம் கொஞ்சம் தள்ளிவைத்தாள். போட்டேன். "ரசத்துக்கு இன்னுங் கொஞ்சம் வைங்க மாமா" என்றாள். வைத்தேன். "மோருக்குங்க?" என்றேன், என்னை அறியாமல் அவள் பேச்சு என் வாயில் வந்துவிட்டது. ஹாலே சிரித்தது. அவளும் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தாள்.

நாற்பது வருஷத்தில் எத்தனையோ பேர் இந்த ஹாலில் பசி என்று வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தச் சொல் என் காதில் இவ்வளவு இனிப்பாக விழுந்ததில்லை. மார்பு விம்மிப்போய் நின்றேன், எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

மோர்ச் சோறும் முடிந்தது. நான் மறுபடி கரண்டியை எடுத்தேன்.

"போதுமுங்க மாமா" என்று கையை வைத்தாள்.

விரல்களைப் பார்த்தேன். ஐந்தும் ஒட்டியிருந்தன. நிறுத்தினேன்.